ஏழு மாதப் பிள்ளை

பிராகா,
20 ஜனவரி 2025

அன்புள்ள அம்மா,

நீ போனில் கோபித்துக்கொண்டது நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பேசியிருக்கிறாய். திங்கட்கிழமை நான் கூப்பிட்டு அதையே திரும்பக் கேட்கிறேன். இனிமேல் எனக்குக் கடிதம் எழுது. போனில் சொல்வது என்னிடம் தங்குவதில்லை. காகிதமாக இருந்தால் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்துப் படித்துக்கொள்வேன். கேஸை மூடு, சாவியை எடு என்று எனக்கு நானே எழுதிய சீட்டுகளுக்கு நடுவே உனக்கும் ஓர் இடம் தருகிறேன்.

இருபத்தாறு வாரம் ஆகிவிட்டது. கர்ப்பப்பை வாய் பலவீனமாம், குழந்தை முன்கூட்டியே வந்துவிடலாம் என்று டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டார். ஆய்வகத்துக்கு லீவு போட்டிருக்கிறேன். மூன்றாவது மாடி ஜன்னலும் எதிர்வீட்டுத் துணிக்கொடியும்தான் இப்போது துணை. பிள்ளையைக் கொடுத்துவிட்டு லக்சம்பர்க் போன டெல்மோ போன் செய்வதையும் நிறுத்திவிட்டான். என் எலிகளைக்கூட மனம் தேடுகிறது.

அவற்றைப் பற்றி உன்னிடம் சரியாகச் சொன்னதில்லை. அவை வயிற்றில் இருந்தபோது தாய் எலிகளுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்கள். குறைமாதக் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர வேண்டுமென்று நம் பெண்களுக்குப் போடுகிறார்களே, அந்த வகை ஊசி. குட்டிகள் நன்றாகத்தான் வளர்ந்தன. பெரிதான பிறகுதான் வித்தியாசம் தெரிகிறது. தொட்டித் தண்ணீருக்குள் ஒரு மேடை ஒளிந்திருக்கும். மற்ற எலிகள் மறுநாள் நேராக அதை நோக்கி நீந்தும். இவை முதல்நாள் போலவே சுற்றிச் சுற்றி வரும். மூளையில் டோபமைன் என்று ஒன்று உண்டு, ஆசைப்படவும் நினைவு வைக்கவும் அது வேண்டும். இவற்றுக்கு அது குறைவு. நனைந்து வருவதைத் துண்டால் துவட்டிக் கூண்டில் விடுவது என் வேலை. துவட்டும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும்.

நான் ஏழு மாதப் பிள்ளைதானே அம்மா. உனக்கும் அந்த ஊசி போட்டார்களா?

உன்,
இரியா

*

மிரண்டேலா,
27 ஜனவரி 2025

என் கண்ணு இரியாவுக்கு,

கடிதம் எழுதி எத்தனை காலம்! உன் அப்பா பிரான்சில் கட்டட வேலை பார்த்தபோது எழுதியதோடு சரி. அவர் போய்ச் சேர்ந்த மூன்று வருஷத்தில் வீட்டில் பேனா எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. மறதி உனக்கு மட்டும் சொந்தமில்லை, தெரிந்துகொள்.

இங்கே பனி. ஒலிவ மரங்கள் வெளுத்து நிற்கின்றன. பக்கத்து வீட்டு லுடோவீனா தினமும் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "பாட்டியாகப் போற, புருஷனுக்காகப் போட்ட கறுப்பை இன்னும் கழட்டலையா?" என்கிறாள். நம் ஊர் சாஸேஜ் அனுப்பலாம் என்று கட்டிவைத்தேன். கர்ப்பிணிக்கு ஆகாது என்று அவளே பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். நன்றாகச் சாப்பிட்டிருப்பாள்.

ஊசி போட்டார்கள். போடாவிட்டால் நீ ஏது? அவ்வளவு அவசரமாக வந்தவள் நீ. எலியையும் உன்னையும் சேர்த்து முடிச்சுப் போடாதே. கல்யாணத்துக்கு மோதிரத்தை மறந்துவிட்டு வந்த உன் அப்பா அமதேயுவின் மகள் வேறு எப்படி இருப்பாள்? சுவரில் இதை ஒட்டு: கால்சியம் மாத்திரை. சூப். அதிகம் யோசிக்காதே.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா

*

ஆஸ்பத்திரி, பிராகா,
6 பிப்ரவரி 2025

அம்மா,

நேற்று வலி வந்து இங்கே சேர்த்துவிட்டார்கள். போனை அணைத்து வைத்திருக்கிறேன். பேசினால் அழுவேன், நாளைக்கு எதற்கு அழுதேன் என்று நினைவிருக்காது.

டாக்டர் காலையில் வந்தார். "இருபத்தெட்டு வாரம்தான் ஆகுது. இன்னிக்கும் வரலாம், ரெண்டு வாரம் கழிச்சும் வரலாம். நுரையீரலுக்கு ரெண்டே ஊசி. போட்டுடலாமா?" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

"ஏம்மா?"

"எங்க அம்மாவுக்குப் போட்டாங்க. என்னைப் பாருங்க."

பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மருந்துக்கடை வேலை ஏன் போயிற்று, அடுப்பை எத்தனை முறை எரியவிட்டுப் போனேன், ஒரு நல்ல விஷயம் நடந்தாலும் மனசு ஏன் கல்லு மாதிரி கிடக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "ஒருநாள் என்னையே மறந்துடுவ நீ" என்று டெல்மோ சொல்லிவிட்டுப் போனான். மறந்திருந்தால் தேவலை.

திங்கட்கிழமை வரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. என் குழந்தை தொட்டியில் சுற்றிச் சுற்றி நீந்த வேண்டாம்.

இரியா

*

மிரண்டேலா,
7 பிப்ரவரி 2025

இரியா,

உன் கடிதம் காலையில் வந்தது. இதை மதிய பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், அவன் மனைவி உன் ஆஸ்பத்திரியில்தான் துப்புரவு வேலை பார்க்கிறாள். நானே பஸ் ஏறியிருப்பேன். உன் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன்.

நீ ஏழு மாதப் பிள்ளை இல்லை.

தொண்ணூற்றிரண்டு ஜூனில் புனித யோவான் திருவிழாவுக்கு உன் அப்பா பத்து நாள் லீவில் வந்தார். நீ அப்போதே என் வயிற்றில் வந்துவிட்டாய். பிரான்சில் இருப்பவர்கள் எல்லோரும் ஆகஸ்டில்தான் ஊருக்கு வருவார்கள், கல்யாணங்களும் ஆகஸ்டில்தான். எங்களுடையது எட்டாம் தேதி. என் மாமியார் எர்மீனியா யாரோ ஒரு பெண்ணைப் பற்றி, "கோயில்ல தாலி ஏறுறதுக்கு முன்னாடி வயித்துல வாங்கினவ என் படி ஏறக் கூடாது" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டிருந்தேன். அதனால் டாக்டரிடம் ஆறு வாரம் குறைத்துச் சொன்னேன்.

பிப்ரவரியில் வலி வந்தது. என் கணக்குப்படி எட்டு மாதம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கர்ப்பப் புத்தகத்தின்படி இருபத்தெட்டு வாரம். டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்து, "கடைசியா தீட்டு எப்ப வந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, குழந்தை பெருசா இருக்கு" என்றார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மாமியார் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதே தேதியைச் சொன்னேன்.

அந்த நாளில் அந்த ஊசியை வாரா வாரம் இரண்டு போடுவார்கள். வலி நின்று நின்று வந்தது. ஐந்து வாரம், பத்து ஊசி. மார்ச் பதினைந்தில் நீ மூன்று கிலோ இருநூறு கிராமுடன் பிறந்து, கூரை இடிகிற மாதிரி அழுதாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

அந்த ஊசி உனக்கு வேண்டியிருக்கவே இல்லை. அதனால்தான் உனக்கு இப்படியா என்று எனக்குத் தெரியாது, எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் உன் குழந்தைக்கு அது வேண்டும். நீ யாரிடமும் தேதியை மாற்றிச் சொல்லவில்லை. உன் இருபத்தெட்டு வாரம் நிஜமான இருபத்தெட்டு வாரம். போட்டுக்கொள், மகளே. என்மேல் உள்ள கோபத்தைக் குழந்தையின் மூச்சில் காட்டாதே.

இந்தக் கடிதத்தோடு என் கர்ப்பப் புத்தகத்தையும் வைத்திருக்கிறேன். "28 வாரம்" என்று எழுதி, பக்கத்தில் அந்த டாக்டர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பதைப் பார்.

அம்மா

*

பிராகா,
3 மார்ச் 2025

அம்மா,

ஊசி போட்டுக்கொண்டேன். பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி பிறந்தாள். ஒரு கிலோ முந்நூற்று எண்பது. குழாய் வைக்கவில்லை, அவளே மூச்சு விடுகிறாள். பெயர் நோயேமியா. தினமும் கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு அவள் முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் முதல் கடிதம் சுவரில் இருக்கிறது. இரண்டாவதை ஒட்டவில்லை. ஒரே தடவைதான் படித்தேன், வரி வரியாக நினைவிருக்கிறது. கேஸை மூட மறப்பவளுக்கு இது மட்டும் எப்படி நிற்கிறதோ தெரியவில்லை.

மாமியாருக்குப் பயந்ததை மன்னிக்கலாம். உனக்கு அப்போது இருபது வயது. ஆனால் பள்ளிக்கூடத்தில் நான் ஒவ்வொரு தடவை தோற்று வந்தபோதும், "ஏழு மாசப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்று என் தலையைத் தடவினாயே. அதுதான் முடியவில்லை.

இப்போது வராதே. மறந்துபோனால் எழுதுகிறேன்.

இரியா

*

மிரண்டேலா,
15 மார்ச் 2025

என் இரியாவுக்கு,

இன்று உன் பிறந்தநாள். நிறைமாதமாகப் பிறந்த என் மகளுக்கு முப்பத்திரண்டு வயது. இதை இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

நோயேமியாவுக்கு ஒரு குல்லாய் பின்னி வைத்திருக்கிறேன். ஆரஞ்சுப் பழம் அளவுதான் இருக்கிறது. சரியாக இருக்குமா, அதற்குள் வளர்ந்திருப்பாளா, எனக்கு யார் சொல்வார்கள்?

மனசு தாங்காமல் லுடோவீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காப்பியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அடி போடி. இது ஊருக்கே தெரியும். மூணு கிலோ இருநூறுல ஏழு மாசப் பிள்ளையா? நாங்க விரல் விட்டு எண்ணலைன்னு நினைச்சியா?"

"மாமியாருக்கும் தெரியுமா?"

"மொதல்ல எண்ணினதே அவங்கதான். பாவம் பொண்ணு பயப்படுது, யாரும் கேக்காதீங்கன்னு எங்க வாயை அடைச்சதும் அவங்கதான்."

அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை, இரியா. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவர்கள் இரண்டே பேர்தான், அந்த டாக்டரும் நீயும்.

வரச் சொல்ல மாட்டேன், வரவும் மாட்டேன். தபால்காரர் பதினோரு மணிக்கு வருகிறார். இத்தனை வருஷம் உன் மறதியைத் திட்டியவள் நான். இப்போது தினமும் காலையில் கேட்டருகே நின்றுகொண்டு, இன்றைக்காவது அவளுக்கு மறந்துபோகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அம்மா