மேட்டுக் கால்

மாப்ளே, போடிக்கு ரயில் திரும்பி வந்த வருசம்தான் நீ கண்ணை மூடினாய். எழுத்தறியாதவன் நான், வருசங்களை இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன். இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள்.

இன்று காலை டீக்கடை டிவியில் நீ வர்ணனை சொன்ன பழைய பந்தாட்டம் ஒன்றைத் திரும்பப் போட்டார்கள். படத்தைப் பார்க்கும் முன்பே உன் குரல் காதில் விழுந்தது. "வெரசா வா தம்பி, வெரசா! கோலு காத்துக்கிட்டு நிக்குது!" கையிலிருந்த டீ ஆறும்வரை நின்றே கேட்டேன். போனவன் குரல் இத்தனை உயிரோடு இருக்கக் கூடாது.

எஸ்டேட்டில் நாம் ஆடிய இடம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் இருந்தது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். பந்தைப் பள்ளத்தில் அடித்தவனே ஏலச்செடிக்குள் இறங்கி, அட்டைக்கடியோடு எடுத்து வரவேண்டும். அதற்குப் பயந்தே நீ பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொள்ளப் பழகினாய். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பந்தைப் பறிக்க மேட்டிலிருந்து இறங்கிவந்து காலை விடக் கூடாது. இறக்கத்தில் உடம்புப் பாரமெல்லாம் சேர்ந்து வரும். கீழே நிற்பவன் கால் தாங்காது. அதை மேட்டுக் கால் என்போம். நடுவர் இல்லாத ஆட்டத்திலும் ஒருவனும் அதைச் செய்ததில்லை.

கேரளத்து கிளப் ஒன்று உன்னைக் கூட்டிக்கொண்டு போனது. பேப்பரில் வந்த உன் படத்தை ஸ்டோர்ச் சுவரில் நான்தான் ஒட்டினேன். கார்த்திகைக்கு லீவில் வந்தவனை ஆடக் கூப்பிட்டோம். நீ ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். உனக்கு பூட்ஸ், எனக்கு வெறுங்கால். மூன்று முறை என்னைத் தாண்டிப் போனாய். மூன்றாம் முறை திரும்பி நின்று, "என்ன மாப்ளே, வேலியாட்டம் நிக்கிற, படலைத் தெறந்து போட்டுட்டியே!" என்றாய். ஓரத்தில் நின்ற பெண்டுகள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரியும் சிரித்தாள்.

பனி இறங்கியது. மேட்டில் நான். கீழே பந்தோடு நீ. இறங்கினேன். பந்து எங்கே என்று நான் பார்க்கவேயில்லை, மாப்ளே.

பச்சைக் குச்சி முறிந்த மாதிரி ஒரு சத்தம். எல்லாரும் ஓடிவந்தபோது முட்டியைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "வழுக்கிருச்சுப்பா. பக்கத்துல யாருமில்ல."

ஜீப்பில் உன்னைப் போடிக்கு இறக்கினோம். வளைவுக்கு வளைவு உன் தலை என் மடியில் ஆடியது. அழுதது நான்தான். கிளப் உன்னைத் திரும்ப எடுக்கவில்லை. "காலுதான போச்சு, வாயி இருக்குல்ல" என்று கிளம்பிப் போனாய். அந்த வாயைத்தான் பின்னால் டிவியில் கேட்டோம்.

ஒரு ஆட்டத்தில் ஒருவன் இன்னொருவன் காலில் பாய்ந்தான். "இதை எங்க மலைப்பக்கம் மேட்டுக் காலும்பாங்க" என்றாய். கூட இருந்த வர்ணனையாளர், "உங்க முட்டியும் இப்படித்தான் போச்சா சார்? யாரு அது?" என்று கேட்டுவிட்டார். டீக்கடை பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஊரே என்னைத் திரும்பிப் பார்க்கப்போகிறது என்று நினைத்தேன். நீ, "பனிங்க. ஆளு தெரியல" என்று ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டாய்.

கடைசியாக போடிமெட்டில் பார்த்தபோது சொல்ல வாயெடுத்தேன். "மாப்ளே, அன்னைக்கு..." கையைக் காட்டி நிறுத்தினாய். "சொல்லாத. நீ சொன்னா நான் மன்னிக்கணும். அது பெரிய சோலி. என்னால முடியுமான்னு தெரியல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வார்த்தையோடுதான் படுத்து எழுந்திருக்கிறேன். நீ எனக்காக ஒரு பொய்யைச் சாகும்வரை காத்தாய். மன்னித்தாயா என்று மட்டும் எனக்குத் தெரியாது.

இப்போது சொன்னால் உனக்கு அந்தச் சோலி இல்லை.

மருமகள் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதும்மா. அன்று அந்த மேட்டில் ஆடியவர்களில் கோலில் நின்ற செல்லையாவும் போன மாதம் போய்விட்டான். மிச்சம் ஒரே ஆள். பனியில் தெரியாமல் போன அந்த ஆள். பேரையும் எழுது: ராசாங்கம்.