ஆட்டுத் தடத்தில் இறங்கிய உன் அப்பா

அன்புள்ள ஹேசலுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நியூசிலாந்து வெயிலில் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிப் போவேன், அதனால் கடிதம். முழுவதையும் படி, பாதியில் மடித்து வைக்காதே.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எப்போதும் போல ஹெரன் குன்றுக்குப் போனோம். உன் அப்பா, நான், உன் தம்பி காலின், அவன் மகள் ஐவி, நாலே பேர்தான், காலின் மனைவிக்குக் காய்ச்சல். நம் வீட்டு வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மூத்தவர் முன்னால் நடப்பார், உச்சிக் கற்குவியலில் கேக்கும் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டுத் திரும்ப அடிவாரத்து இரும்புக் கேட்டுக்கு வரும்வரை யாரும் அவரை முந்தக் கூடாது. முந்தினால் அடுத்த வருடம் கேக் கிடையாது. ஏறும்போது ஒரு குறையும் இல்லை. உச்சியில் மேகம் இறங்கிவிட்டது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உன் அப்பா ஐவியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். கற்சுவர் உடைந்திருக்கிற இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும், அவர் நேராகப் போனார். அது ஆட்டுத் தடம். முப்பது வருடம் மலை மீட்புக் குழுவில் இருந்தவர் அவர். ஆட்டுத் தடத்தைப் பாதை என்று நம்பிப் போய்ப் பாறைமேல் திருதிருவென்று நிற்கிற வெளியூர்க்காரர்களை இறக்கிக் கொண்டுவருவார், இரவுச் சாப்பாட்டில் அவர்களை நடித்துக் காட்டி நம்மைச் சிரிக்கவும் வைப்பார். அதே மனிதர் அதே தடத்தில் போகிறார். அது தப்பு வழி என்று எனக்குத் தெரிந்தது ஹேசல். ஏதோ குறுக்கு வழி வைத்திருக்கிறார் போல என்று நானும் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடந்தேன். என்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

ஐவிதான் கேட்டாள், தாத்தா, இங்க வழியே காணோமே என்று. எட்டு வயதுக் குழந்தைக்குத் தெரிகிறது. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இது எனக்குக் கால் பழகின இடம் கண்ணு, பேசாம வா என்றார் இவர். அடுத்த அடியில் இரண்டு பேரையும் காணவில்லை. காய்ந்த பெரணிப் புதரோடு சறுக்கி ஓடைப் பள்ளத்துக்குள் போய்விட்டார்கள். நானும் காலினும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிப் போய்ப் பார்த்தால் ஐவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், உன் அப்பா சேற்றில் உட்கார்ந்து, ஐவி எங்க, ஐவி எங்க, புள்ளையக் காணோமே என்று கத்துகிறார். குழந்தை அவர் முகத்துக்கு நேரே நிற்கிறது. இரண்டடி கூட இருக்காது.

காலின் போன் போட, மீட்புக் குழு வந்தது. எல்லாம் உன் அப்பா கயிறு கட்டச் சொல்லிக்கொடுத்த பையன்கள். அதில் ஒருவன் உன் அப்பாவைப் பார்த்து, என்ன வில்ஃப், நீங்களா, நாங்க யாரோ சுற்றுலாக்காரர்னு நெனச்சு வந்தோம் என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவர் தலையைத் தூக்கவே இல்லை. ஐவிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது, ஆறு வாரம் மாவுக்கட்டு. இன்னும் நாலடி தள்ளிச் சறுக்கியிருந்தால் கீழே பாறை.

வீட்டுக்கு வந்து டீயைக் கையில் கொடுத்துவிட்டு, கண்ணுக்கு என்ன என்று நேராகக் கேட்டேன். நடுவுல மட்டும் புகை மாதிரி மறைக்குது மொரீன், ஓரமெல்லாம் தெரியுது என்றார். எப்போதிலிருந்து என்றேன். ஹேசலுக்குத் தெரியும் என்கிறார். செப்டம்பரில் நீ வந்திருந்தபோது ஆட்டு ஏலம் பார்க்கப் போகிறோம் என்று இரண்டு பேரும் கிளம்பினீர்களே, நான் வேறு சாண்ட்விச் கட்டிக் கொடுத்தேனே, அது கண் ஆஸ்பத்திரிக்கா? என்னை என்னவென்று நினைத்தாய்? அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் கார் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டு போனேன். ஐவியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்ததும் அவர்தான். நீ அங்கே இருந்துகொண்டு ஞாயிறு தோறும் போனில், அப்பா எப்படிம்மா இருக்கார் என்று என்னிடம் கேட்டாய். வெட்கமாக இல்லையா உனக்கு?

உன்னிடம் சொல்லக் கூடாதென்று நான்தான் ஹேசலிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன், அவளைத் திட்டாதே என்கிறார் உன் அப்பா. உங்கிட்ட சொன்னா வீட்டோட கட்டிப் போட்டுருவே என்று காரணம் வேறு. ஆமாம், கட்டித்தான் போட்டிருப்பேன். கார் சாவியைப் பிடுங்கியிருப்பேன், குன்றில் நான் முன்னால் நடந்திருப்பேன், இரண்டு நாள் சண்டை போட்டிருப்போம், குழந்தையின் கை நன்றாக இருந்திருக்கும். இப்போது சாவி என்னிடம் இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை கண்ணில் ஊசி போட ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன். இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், செப்டம்பரிலேயே தொடங்கியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் போனில் சொன்னார். அதையும் தெரிந்துகொள்.

நேற்று ஐவி வந்திருந்தாள். உன் அப்பா, கை வலிக்குதா செல்லம் என்று கேட்டார். இல்ல தாத்தா, சுத்தமா வலிக்கல என்று சிரித்தாள். பிறகு அடுக்களைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, ராத்திரியெல்லாம் வலிக்குது பாட்டி, தாத்தாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, சத்தியம் பண்ணுங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சத்தியம் பண்ணவில்லை. கூட்டிப் போய் அவர் முன்னால் நிறுத்தி, அவளையே சொல்ல வைத்தேன். இரண்டு பேரும் அழுதார்கள். அழட்டும்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், உனக்கும்தான், பெற்றவள் ஆயிற்றே. பதிலை அப்பாவுக்கு எழுதாதே, எனக்கும் எழுதாதே, முதலில் ஐவிக்கு எழுது. அத்தை செய்தது தப்பு என்று உன் கைப்பட எழுது.

கோபம் தீராத,
அம்மா மொரீன்