சிலோனுக்குச் சும்மா போகிறேன்

என் ஆசைத் தண்டலுக்கு,

தோணியில் இருந்தவர்களெல்லாம் உங்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தோணியை நடத்துகிறவர் நீங்கள், பாய் விரித்துவிட்டால் முதலாளி பேச்சுக்கூட உங்கள் பேச்சுக்குப் பிறகுதான். நான் மட்டும் கட்டிய நாளிலிருந்து "ஏங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இப்போது கூப்பிட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது. தண்டல்!

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வருகிற தை மாதம் நான் சிலோனுக்குப் போகிறேன். அங்கே யாருக்கும் கல்யாணமில்லை, யாரும் சாகவில்லை, விற்க ஒரு சரக்கும் கொண்டு போகவில்லை. நீர்கொழும்பில் கடற்கரை மணலில் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கப் போகிறேன். நீங்கள் சிரிக்க வேண்டாம், ஊர் சிரித்து முடித்துவிட்டது.

ஆரம்பித்து வைத்தவள் சொர்ணம். தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சியின் மனைவி. கொழும்புக்கு வெங்காயமும் வற்றலும் ஏற்றுகிறார்களே, அவர்கள்தான். ஒரு மத்தியானம் கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நானும் அவளும் புளி ஆய்ந்துகொண்டிருந்தோம். திடீரென்று கையை உதறிவிட்டுச் சொன்னாள்.

"ஏளா பிலோமி, எங்க வீட்டு வெங்காயம் எத்தன தடவ கொழும்பு பாத்திருக்கு. உம் புருசன் எத்தன தடவ பாத்திருக்காரு. நாம ரெண்டு பேரும் ஒரு தடவ போனமா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுபோய், "ஏன் போகல?" என்று நானே கேட்டேன். அன்றைக்கே போவதென்று வைத்துக்கொண்டோம்.

உங்களிடம் கேட்டு ஒரு பயனும் இருந்ததில்லை, அது வேறு. கொழும்பு எப்படி இருக்கும் என்றால் "கொச்சி மாதிரிதான்" என்பீர்கள். சரி, கொச்சி எப்படி இருக்கும் என்றால் "கொழும்பு மாதிரி" என்பீர்கள். இவ்வளவு காலம் போய்வந்த மனுஷருக்குத் துறைமுகத்தைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள் ஊருக்குள் உட்கார்ந்துகொண்டே எவ்வளவு விசாரித்துவிட்டோம், தெரியுமா? கண்டியில் புத்தருடைய பல்லை வைத்துக் கோவில் கட்டியிருக்கிறார்களாம், மேளம் அடித்தால் நெஞ்சுக்குள் கேட்குமாம். கொழும்புக்குப் பக்கத்திலேயே ஒரு கோவிலில் புத்தர் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாராம். "படுத்திருக்கிற சாமிய மொதல்ல பாத்திருவோம், அவரும் நம்மள மாதிரி ஓய்வெடுக்க வந்தவருதானே" என்கிறாள் சொர்ணம். நீர்கொழும்பில் தெருவுக்குத் தெரு மாதா கோவில் இருக்கிறதாம், பாதிச் சனம் நம் சனம் மாதிரியே இருக்குமாம். சாயங்காலம் தேங்காய்ப்பால் விட்ட ஆப்பம். இதையெல்லாம் நீங்கள் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டுதானே வீட்டுக்கு வந்தீர்கள்?

மாதம் குறித்ததில்தான் தப்புப் பண்ணினோம். ஓய்வு என்றால் நமக்குத் தெரிந்த ஓய்வு ஒன்றுதான்: மேற்கேயிருந்து கச்சான் காற்று கிளம்பி, தோணிகளைக் கரையேற்றிப் போட்டு, ஆம்பிளைகள் திண்டாடிக்கொண்டு வீட்டில் கிடக்கும் மாதங்கள். அதனால் யோசிக்காமல் ஆனி என்று வைத்தோம். தோணி போகாவிட்டால் என்ன, கப்பல் எல்லா மாதமும் போகிறதே என்று எங்களுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு.

கிறிஸ்மஸுக்குத் தாயாரைப் பார்க்க மிக்கேல் வந்திருந்தார். உங்களோடு தோணியில் கிடந்தவர், நீர்கொழும்பில் பெண் கட்டி அங்கேயே வீடு போட்டுக்கொண்ட மிக்கேல்தான். சொர்ணமும் பக்கத்தில் இருந்தாள். அவர் வீட்டில்தான் தங்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, கொண்டு போகப் பிரித்து வைத்திருந்த கருவாட்டைக் காட்டினேன்.

"மதினி, நீர்கொழும்புக்கா கருவாடு? எங்க தெருவுல நடந்து பாருங்க, மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் நடக்கணும்" என்று சிரித்தார். மாதத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. "ஆனியிலயா? ஆனியில நீங்க போய்க் கடலப் பார்க்க வேண்டாம், அது வாசப்படிக்கு வந்து உங்களப் பார்க்கும். மணல்ல ஒரு குஞ்சு உக்கார முடியாது. கிறிஸ்மஸ் கழிஞ்சு வாங்க. கடலு குளத்துத் தண்ணி மாதிரி கிடக்கும். அதுதான் அங்கன காலம்."

"கிறிஸ்மஸ் கழிஞ்சா? அப்பம்லாம் இவரு தோணியில இருப்பாரே" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. மிக்கேல் தரையைப் பார்த்தார். சொர்ணம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் வீட்டில் இருந்த மாதங்களில் அங்கே கடற்கரை இல்லை. அங்கே கடற்கரை இருந்த மாதங்களில் நீங்கள் வீட்டில் இல்லை. நாம் சேர்ந்து போக ஒரு மாதமே இருந்ததில்லை. என்னையும் கூட்டிப்போங்கள் என்று வருஷா வருஷம் நான் கேட்பேன், நீங்கள் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பீர்கள், நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். ஏன் இதைச் சொல்லவில்லை? சொன்னால் கேட்பதையே விட்டுவிடுவேன் என்றா? இல்லை, உங்களுக்கே இது தோன்றவில்லையா? எப்படியோ, உங்கள்மேல் இருந்த ஒரு பழைய கோபம் அன்றோடு போய்விட்டது. மற்றக் கோபங்கள் அப்படியே இருக்கின்றன.

ஆகவே தை என்று மாற்றினோம். ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலம் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும். வெள்ளைக்காரன் போனதிலிருந்து, இனிமேல் சிலோனுக்குப் போக பாஸ் கேட்பார்கள் என்று கடைத்தெருவில் வேறு பேச்சு அடிபடுகிறது. இந்தத் தையை விட்டால் முடியாமலே போகலாம்.

அண்ணாச்சி சட்டென்று சம்மதித்துவிட்டார். "யாரும் கேட்டா கதிர்காமத்துக்கு வேண்டுதல்னு சொல்லிரு" என்றாராம். "முருகனப் பார்க்க திருச்செந்தூர் போனா மத்தியானச் சோத்துக்கு வீடு திரும்பிரலாம். இதுக்குப் போய்க் கப்பலா?" என்று என்னிடம் கண்ணைச் சிமிட்டினாள் சொர்ணம். அவளுக்கு அந்தப் பொய் உறுத்தவில்லை. எனக்குத்தான் முடியவில்லை.

உங்கள் அண்ணன் இருக்கிறாரே, அவர்தான் பாறை மாதிரி நின்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோவிலுக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன், தொடவில்லை. அவர் பேச்சை மீறி நான் போக முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். மணப்பாட்டில் கட்டிக்கொடுத்த நம் மகள்கூட, "பெரியப்பா சரின்னா போம்மா" என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"ஏளா பிலோமி, கடலப் பார்க்கக் கடலத் தாண்டிப் போறியாமே. கேக்கவே நல்லாருக்கு."

"ஆமா அத்தான்."

"தாலி அறுத்தவ உல்லாசமாப் போறான்னு ஊரு சொல்லும்."

"சொல்லியாச்சு அத்தான்."

கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, இப்படிச் செய். அங்கன உள்ள மடு மாதாவுக்கு நேர்ச்ச இருக்குன்னு சொல்லிரு. சாமியார்ட்ட நானே சொல்லுதேன். ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான்."

"மடு காட்டுக்குள்ள இருக்கு. அங்கன கடலே கிடையாது. திருநாளும் ஆனியில. மாதா பேரச் சொல்லிப் பொய் சொல்லவா அத்தான்?"

"அப்ப எதுக்குத்தான் போற?"

"சும்மா."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மாவா? சும்மா யாரும்மா போறா? இங்கன இல்லாத கடலா அங்கன கிடக்கு?"

உங்கள் அண்ணனோடு இதுவரை கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசியிருக்கிறேன். அன்று வெளியே வந்து அவருக்கு முன்னால் நின்றேன். எனக்கே தெரியாமல் இருந்ததையெல்லாம் சொன்னேன்.

"இங்கன உள்ள கடலுக்கு முன்னால நான் ஒரு நாளும் சும்மா உக்காந்ததில்ல அத்தான். கல்யாணம் ஆனதுலருந்து மச்சுல ஏறிப் பாய் எண்ணிக்கிட்டே இருந்திருக்கேன். ஒட்டுப் போட்ட பாய் எது, இவரு தோணி எது, போன கூட்டத்துல எல்லாம் வந்துட்டா, ஒண்ணு குறையுதான்னு. இவரு கடல்ல போகல, நம்ம கட்டில்லதான் காய்ச்சல்ல போனாரு. மண்ணு போட்டது என் கைதான். எல்லாம் தெரியும். தெரிஞ்சும் பாய் தெரிஞ்சா எண்ணுதேன். இன்னைக்குக் காலையிலயும் எண்ணுனேன். அங்கன எனக்கு வரவேண்டிய ஆளு ஒருத்தருமில்ல. யாரையும் எதிர்பாக்காம ஒரு தடவ கடலப் பார்க்கணும். அதுக்கு நேர்ச்சைன்னா பேரு வைக்கிறது?"

அவர் ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "நானும்தான் எண்ணுதேன்" என்றார். போய்விட்டார். நான் அழுதேன். உங்களுக்காகவா அவருக்காகவா என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் நடந்ததைச் சொர்ணம் கேட்டிருந்தால் தெருவெல்லாம் நடித்துக் காட்டியிருப்பாள். நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்குகிறேன், நாலைந்து பெரிய ஆட்கள் உங்கள் அண்ணனைச் சூழ்ந்துகொண்டு நிற்கிறார்கள். "என்ன சந்தியாகு, உன் தம்பி பொண்டாட்டி சிலோனுக்குப் போறாளாமே, எதுக்கு?" என்று ஒருவர் இழுத்தார். அவர் வாயில் மடு மாதா வரப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சும்மா போறா" என்றார் உங்கள் அண்ணன். "ஏம்ல, சும்மா போகப்பிடாதா? நீ தினமும் சீட்டு விளையாடப் போறியே, என்ன நேர்ச்ச?"

கேட்டவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். நான் முக்காட்டுக்குள் சிரித்துவிட்டேன், மாதா மன்னிக்கட்டும்.

இப்போது எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. கப்பல் வெகுதூரம் தள்ளித்தான் நிற்கும், லாஞ்சில் போய்த்தான் ஏற வேண்டும். லாஞ்சில் கூட வந்து, ஏணியில் நாங்கள் ஏறும்வரை பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று உங்கள் அண்ணன் நிற்கிறார். கப்பலில் எந்தப் பக்கம் படுத்தால் வயிற்றைப் புரட்டாது என்று நேற்று வந்து அரைமணி நேரம் பாடம். சொர்ணம் ஒரு கூஜா நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறாள். அது மழை விடாமல் பெய்கிற ஊர், தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று மிக்கேல் எவ்வளவோ சொன்னார். தண்ணீருக்கு அலைகிற தூத்துக்குடிக்காரியிடம் போய் அதைச் சொன்னால் நம்புவாளா? எனக்கு வெள்ளைச் சேலை இரண்டு போதும் என்றிருந்தேன், அவள் ஒரு கத்தரிப்பூ நிறத்தையும் பெட்டிக்குள் திணித்துவிட்டாள். உடுத்துவேனா என்று தெரியாது. எடுத்து வெளியே வைக்கவும் இல்லை.

பயமாகவும் இருக்கிறது. அந்த மணலில் போய் உட்கார்ந்து, அங்கேயும் கண் தானாக எண்ண ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வேன்? கடலைப் பார்த்தால் வேறென்ன செய்வது என்று எனக்கு யாராவது சொல்லித் தந்தார்களா? சொர்ணம் பக்கத்தில் இருந்து தொணதொணவென்று பேசிக்கொண்டே இருப்பாள், அதுதான் தைரியம்.

திரும்பி வந்தபிறகு மச்சில் ஏறமாட்டேன் என்றெல்லாம் என்னால் சொல்ல முடியாது. ஏறத்தான் செய்வேன், எண்ணத்தான் செய்வேன். ஆனால் அந்த ஒரு வாரம், தண்டல், நான் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அந்த வாரம் நீங்கள் வந்தால் வீடு பூட்டியிருக்கும். சாவி உங்கள் அண்ணனிடம் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி,
பிலோமி