இரண்டாம் மாணவன் சொன்னது

லெக்சிங்டன்,
மார்ச் 30

அன்புள்ள கெல்சிக்கு,

நான் நலம். அப்பாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? மர ஆலையில் தூக்குகிற வேலையை வேறு யாருக்காவது மாற்றித் தரக் கேட்கச் சொல். இங்கே ஆய்வக வேலை பழகிவிட்டது. மதியம் மட்டும், யார் பக்கத்தில் போய் உட்காருவது என்று தெரியாமல், இன்னும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

இதைத் தொலைபேசியில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். அப்பா கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு நா எழுவதில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில், கல்லூரி நுழைவுத் தேர்வின் அறிவியல் பகுதிக்கு நீ சமையலறை மேசையில் பயிற்சி செய்துகொண்டிருந்தாய். கொதிக்கும் தண்ணீரின் குமிழிக்குள் இருப்பது என்ன என்று இரண்டு மாணவர்கள் வாதிடும் பகுதி அது. நீராவி என்கிறான் முதல் மாணவன்; காற்று என்கிறான் இரண்டாம் மாணவன். இரண்டாம் மாணவனின் கருத்துப்படி எது என்று கேள்வி. நீ காற்று என்று குறித்திருந்தாய்.

நான் எட்டிப் பார்த்து, "காத்தா? ஒன்பதாம் கிளாஸ் பாடம்டி இது!" என்றேன். ராய்ஸ் சித்தப்பா விடுவாரா? "தினம் பீன்ஸ் வேக வைக்கிறவளுக்குக் கொதிக்கிற தண்ணியில என்ன இருக்குன்னு தெரியல. இவ நர்ஸாகி நமக்கு ஊசி போடப் போறாளாம்!" என்று சிரித்தார். "இல்லக்கா, அவன் என்ன சொல்றான்னுதானே கேக்குறாங்க" என்று நீ மெல்லச் சொன்னாய். அப்பா, "காலேஜ் முடிச்சவ சொல்றா, பேசாம கேளு" என்றார். நீ அழித்துவிட்டு மாற்றிக் குறித்தாய்.

நீ தட்டு கழுவப் போனதும் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடையைப் பார்த்தேன். காற்று. நீ சொன்னதுதான் சரி.

மூடி வைத்துவிட்டேன். அப்பா என் படிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசியது அன்றுதான் முதல் தடவை. அதை இழக்க மனம் வரவில்லை. அதோடு நிற்காமல், பாடம் தெரியாமல் எதையும் தொடாதே என்று உனக்கு அறிவுரையும் சொன்னேன். பிப்ரவரித் தேர்வில் நீ என் வழியில் எழுதினாய். அறிவியலில் பயிற்சியில் வந்த இருபத்துநான்கு, தேர்வில் இருபதானது. மொத்தத்தில் ஒரு புள்ளி குறைந்து செவிலியர் படிப்புக்கான உதவித்தொகை தள்ளிப்போனது. "எனக்கு மூளை இல்லக்கா" என்று நீ போனில் அழுதபோதும் நான் வாய் திறக்கவில்லை.

இந்தச் சனிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. முப்பத்தைந்து நிமிடம், நாற்பது கேள்வி. உனக்குத் தெரிந்ததை அங்கே யாரும் கேட்பதில்லை. தாளில் இருப்பதைத்தான் கேட்கிறார்கள். நேராகக் கேள்விக்குப் போ, பிறகு வரைபடத்தைப் பார். மாணவன் தப்பாகச் சொன்னால் தப்பையே குறி. இதெல்லாம் நீயாகவே கண்டுபிடித்த வழி.

இந்தக் கடிதத்தை அப்பாவும் சித்தப்பாவும் இருக்கும்போது சத்தமாகப் படி. ஒரு வரியும் விடாதே. அவர்கள் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

சனிக்கிழமை தேர்வறையில் என் குரல் உன் காதில் விழாமல் இருக்கட்டும்.

உன் அக்கா,
மார்லா