வானத்திலிருந்து விழுவதும் உங்கள் வீட்டு நிக்காஹும்

பாய்,

இன்று காலைப் பத்திரிகையில் ஒரு செய்தி. பழைய செயற்கைக்கோள் ஒன்று கீழே வருகிறதாம். யார் தலையிலாவது விழும் வாய்ப்பு மிகக் குறைவாம். படித்ததும் எரிச்சல் வந்தது. கூடவே, நீங்கள் போய் இத்தனை காலம் கழித்தும், உங்கள் சிரிப்பும் நினைவுக்கு வந்தது.

எழுபத்தொன்பதில் அமெரிக்காவின் விண்வெளி நிலையம் ஸ்கைலாப் விழப்போகிறதென்று ஊரே கலங்கியிருந்தபோது, அரூரில் உங்கள் தையற்கடைக்கு நான் வராத மாலை இல்லை. பள்ளியில் இயற்பியல் நடத்துபவன் என்பதால் என்னைத்தான் பிடித்துக்கொள்வீர்கள்.

"மேல காத்தே இல்லன்னீங்க. அப்புறம் எது வாத்தியாரே அதக் கீழ இழுக்குது?"

"கொஞ்சூண்டு இருக்குதுங்க பாய். அதுல உரசி உரசி வேகம் கொறையுது. கொறைஞ்சா எறங்கிரும். அப்பப்ப மேல தள்ளி வுடணும்."

"தள்ள வேண்டியதுதானே?"

"அதுக்கு இன்னொரு கலம் போகணும். அது இன்னும் தயாராகல. செலவு அப்படி."

"ஏத்தறதுக்குக் காசு இருந்துச்சு, தாங்கறதுக்கு இல்லியா? வூடு கட்டுனவன் ஒழுகினா ஓடு மாத்த மாட்டானா?"

எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் வாய் திறக்காதவன் நான். அமெரிக்காக்காரன் செலவுக்கு என்னைப் பொறுப்பாளி ஆக்கினால் என்ன செய்வேன்?

ஆனால் உங்களுக்கு அது வெறும் வாயாடல் அல்ல. மகளின் நிக்காஹ் அந்த வாரம். முன்பே ஒருமுறை தள்ளிப்போனது. நோன்பு பிறப்பதற்குள் முடியாவிட்டால் மறுபடியும் தள்ளும். ஊர் பெண்ணைத்தான் பேசும். கம்பைநல்லூரிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து, அது விழுந்து தொலையட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். என்னை அழைத்து நடுவில் உட்கார வைத்தீர்கள்.

"விழாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், பந்தல் போடச் சொல்லிட்டுக் கெளம்பறேன்," என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. "இங்க விழறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கொறைவுங்க," என்றேன்.

"கொறைவுன்னா, இருக்குதுன்னுதானே அர்த்தம்?"

கத்தரிக்கோலை மேசைமேல் ஓங்கி வைத்தீர்கள். "இவரப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதுங்க. தொப்பலா நனைஞ்சு வந்து நின்னுக்கிட்டு, மழை பெய்யற மாதிரி இருக்குதும்பாரு. இந்த மனுசன் வாயில ரொம்பக் கொறைவுன்னு வந்தா, கெடையவே கெடையாதுன்னு அர்த்தம்!"

பெரியப்பா சிரித்துவிட்டார். நிக்காஹ் தேதி நிலைத்தது. எனக்குத்தான் தாங்கவில்லை. நான் சொல்லாததை என் பெயரில் சொன்னீர்கள், பாய். நிக்காஹ் அன்று பந்தலில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்க்க, நான் கீற்று இடுக்கு வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரியாணி ருசியாக இருந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை.

பிறகு அது விழுந்தது. கொஞ்சம் கடலில், கொஞ்சம் ஆஸ்திரேலியாவில். பத்திரிகையோடு உங்கள் கடைக்கு ஓடி வந்தேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டீர்கள்:

"அந்தப் பக்கம் யாரு வூட்லயாச்சும் கல்யாணம் இருந்துச்சா வாத்தியாரே?"

"அங்கெல்லாம் ஆளுங்களே இல்லீங்க பாய்."

"இல்லவே இல்லியா, ரொம்பக் கொறைவா?"

அதன்பின் எத்தனையோ ராக்கெட்டுகளின் செலவுக் கணக்கைப் படித்துவிட்டேன். ஏற்ற இவ்வளவு, மேலே நிறுத்தி வைக்க இவ்வளவு என்று இருக்கும். கீழே பந்தல் போட்டிருப்பவர்களுக்கென்று ஒரு வரி எங்கும் இல்லை. தேடுவதை விடவும் முடியவில்லை. இப்படி ஒரு கேள்வியை என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்களே, பாய்.