ஆர்வில் முற்றத்து நீல வண்டி

மொன்டானா, அக்டோபர்

அன்புள்ள அம்மாவுக்கு லொரீன் வணக்கம் சொல்லி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பனிதான் சீக்கிரமே வந்துவிட்டது.

போன வாரம் வேலையில் ஒன்று நடந்தது. பெரிதாக நினைக்காதீர்கள். உடைந்த வண்டிகளை முற்றத்தில் போட்டுவைக்கக் கூடாது என்பது இங்குள்ள பழங்குடி மன்றத்தின் சட்டம். அதை நிறைவேற்றத்தானே எனக்குச் சம்பளம்? ஆர்வில் என்ற பெரியவர் மற்றதையெல்லாம் அகற்றிவிட்டார். ஒரு நீல வண்டியை மட்டும் தரமாட்டேன் என்றார். அவர் மகன் அதில்தான் விபத்தில் இறந்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை அதன் உடைந்த கண்ணாடியில் காலைக் கிழித்துக்கொண்டதால், மன்றத்து நீதிபதி எடுக்கச் சொல்லிவிட்டார். நான் அவகாசம் கேட்டும் கிடைக்கவில்லை.

இழுவை வண்டியோடு போனேன்.

"வேற குடியில பொறந்தவ, எங்க முற்றத்துக்கு நாட்டாமையா?" என்றார்.

"நாட்டாமை இல்ல மாமா, வெறும் சம்பளக்காரி."

சிரித்துவிட்டார். பிறகு நீல வண்டியில் மகன் ஓட்டிய இருக்கையில் ஏறிச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். தானே இறங்கி, "கொண்டு போ பொண்ணே. அந்தக் குழந்தை காலுல ரத்தம் வந்துச்சே, அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார்.

நேற்று அந்த வழியாகப் போனேன். விறகோடு வந்த ஆர்வில், வெறும் இடத்தில் குறுக்கே நடக்காமல், அங்கே இல்லாத வண்டியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

உலர்ந்த காட்டெருமை இறைச்சி கொஞ்சம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுங்கள், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும். தபால்காரர் வந்துவிட்டார்.

உங்கள் மகள்,
லொரீன்