மஞ்சள் உடுப்பும் நீல முகமும்

அன்புள்ள அம்மாவுக்கு சலாம். முட்டிவலி தேவலையா? டக்காரில் நான் நலம்.

நேற்று மாப்பிள்ளைக்கு அனுப்பப் படமெடுக்க, மஞ்சள் உடுப்பில் திபோர் என்ற பெண் நான் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்கு வந்தாள். செரேர் இனத்தவள், ஃபுலானிகளான நம்மைக் கேலி பேச முறை உள்ளவள். படத்தைப் பார்த்துக் கத்தினாள்: "செத்தவ மாதிரி நீலமா இருக்கேனே! மாடு மேய்க்கிற ஃபுலானி கையில கேமராவைக் குடுத்தா வேற என்ன வரும்?"

"உன் வாய்க்குப் பயந்து கேமராவே வெளிறிப்போச்சு" என்றேன்.

உடுப்பின் மஞ்சளை வெளிச்சத்தின் நிறமென்று நினைத்து, கேமரா தானாகவே நீலத்தைக் கூட்டியிருக்கிறது. அந்தத் தானியங்கி அமைப்பை நிறுத்தி, வெள்ளைத் தாளைக் காட்டி நிறத்தை அமைத்து மறுபடி எடுத்தேன்.

"இப்பதான்டா இது நான்!" என்றாள்.

அதுமுதல் மாம்பழம், சுவர், என் கை என்று எல்லாவற்றையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த நிறம் உங்கள் நீல முக்காடு ஒன்றுதான். படமெடுத்து ஒப்பிட அதை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், சாயம் போய்விடும் என்றுதான் சொல்கிறேன், உங்கள் வாசனைக்காக அல்ல.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் சாய்து